ஏற்பதா? எறிவதா? எடுத்து வைப்பதா?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

இது கணிப்பொறியின் காலம் என்று சொல்லாதவர் இன்று இல்லை. வங்கியில் பணம் எடுப்பது முதல் நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குவது வரை, தேர்வு முடிவு பார்ப்பது முதல் இரயிலில் இடம் பிடிப்பது வரை எல்லாம் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. அதன் வேகத்தைப் போற்றும் கட்டுரைகள் ஏராளம். அதனால் வேலை பெருகுமா, குறையுமா என்று வாதிடும் கட்டுரைகளும் ஏராளம். ஆனால் பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. நாம் கொடுக்கும் எழுத்து பிழையுடையதாக இருந்தால் கணிப்பொறி என்ன செய்ய வேண்டும்?

இது நிரல் எழுதுவோரின் தனிக் கவலை என்று எண்ணி, வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் இருப்பதும் இல்லாமற் போவதும், உங்கள் மதிப்பெண் உங்கள் பெயருக்கு எதிரே விழுவதும் அடுத்தவர் பெயருக்கு எதிரே விழுவதும், இந்தக் கேள்விக்கு யாரோ ஒருவர் எழுதி வைத்த விடையைப் பொறுத்தவை.

எழுத்து பொருளாவது எப்படி?

ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது, தன்னிடமுள்ள விவரங்களைப் பெரும்பாலும் எழுத்து வடிவில் வரிசையாக அடுக்கி அனுப்புகிறது. இன்று மிகப் பரவலாக வழங்கும் அடுக்கு முறை ஜேசன் எனப்படுவது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்பவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையறுத்துப் பரப்பியது. அதில் ஒரு மாணவியின் விவரம் இவ்வாறு இருக்கும்:

{"பெயர்": "மு. செல்வி", "வயது": 20, "மதிப்பெண்கள்": [71, 64, 88]}

பெற்றுக்கொள்ளும் நிரல் இந்த வரியைப் படித்து, பெயர், வயது, மதிப்பெண் ஆகியவற்றை அவற்றிற்குரிய அறைகளில் இட்டு, "மாணவர்" என்னும் நிரற்பொருள் ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதனை டீசீரியலைசேஷன் என்பர். நம் வீட்டில் கத்தரிக்காயை வற்றலாக்கிப் பானையில் வைத்திருந்து, வேண்டும்போது குழம்பிலிட்டு மீண்டும் காயாக்குவது போன்றதே இது. வற்றல் நன்றாக இருந்தால் குழம்பும் நன்றாக இருக்கும். பூசணம் பிடித்திருந்தால்?

பிழையும் ஒரே வகையன்று. ஒரு மேற்கோள் குறி விடுபட்டால் அது இலக்கணப் பிழை. இலக்கணம் சரியாக இருந்து, வயது என்ற இடத்தில் 20 என்னும் எண்ணுக்குப் பதில் "இருபது" என்னும் சொல் இருந்தால் அது வகைப் பிழை. வகையும் சரியாக இருந்து வயது 200 என்றிருந்தால் அது பொருட்பிழை. இவை மூன்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஒரே விவரத்தில் "வயது" என்னும் தலைப்பு இரண்டு முறை, இரண்டு வேறு எண்களுடன் வந்தால் என்ன செய்வது? 2017-ஆம் ஆண்டில் வெளியான ஜேசன் விதிமுறை, தலைப்புகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. அப்படி இல்லையெனில் நிரல்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. பல நிரல்கள் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்கின்றன; சில மறுக்கின்றன. ஒரே கடிதத்தை இருவர் படித்து இரு வேறு பொருள் கொள்வதற்கு இது ஒப்பாகும்.

நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் பிடிக்கிறது. "முத்துலட்சுமி" என்னும் பெயரில் பதின்மூன்று குறிகள். ஆக 39 பைட்டு. பெயருக்கு 20 பைட்டு போதும் என்று யாரோ முடிவு செய்து, அதற்கு மேல் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், "முத்து" என்பதும், "ல" என்னும் எழுத்தின் முக்கால் பங்குகூட இல்லாத ஒரு துண்டும் எஞ்சும். முத்துலட்சுமி முத்து ஆகிவிட்டாள். கூடவே ஒட்டிக்கொண்ட அந்தத் துண்டைக் கணிப்பொறியாலும் படிக்க முடியாது. அவ்வாறே "பொன்னி" என்பதன் "பொ" வில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம். இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருமைப்படுத்தாமல் ஒப்பிடும் நிரலுக்கோ அவை இரண்டு வேறு பெயர்கள். இப்படி வரும் எழுத்தை ஏற்பதா, எறிவதா?

தாராளத்தின் விலை

ஏற்றுக்கொள் என்பது ஒரு பழைய, மதிக்கத்தக்க கொள்கை. 1980-ஆம் ஆண்டில் டி.சி.பி. என்னும் வலையமைப்பு விதிமுறையை ஆவணமாக்கிய ஜான் போஸ்டல், அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெறும்போது தாராளமாக இரு என்னும் கருத்தை அதில் எழுதி வைத்தார். பல நாட்டவர் பல விதமாகச் செய்த இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலம் அது. சிறு பிழைக்கெல்லாம் பேச்சை முறித்துக்கொண்டால் வலையமைப்பே வளர்ந்திராது. இணையப் பக்கங்கள் பரவியதற்கும் இத்தாராளம் ஒரு காரணம். பக்கத்தை எழுதியவர் ஒரு குறியை மூட மறந்தாலும் உலாவி அதனைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தைக் காட்டியது.

ஆனால் தாராளம் ஊகமாக மாறும்போது ஆபத்து தொடங்குகிறது. மனிதர்களின் மரபணுக்கள் சிலவற்றிற்கு "செப்ட்1", "மார்ச்1" என்று பெயர்கள் இருந்தன. எக்செல் செயலி அவற்றைக் கண்டதும், "ஓகோ, இவை தேதிகள்" என்று தானே முடிவு செய்து, செப்டம்பர் 1, மார்ச் 1 என்று மாற்றிவிட்டது. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய பிழைகளைக் கொண்டிருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. இறுதியில் என்ன நடந்தது? 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவினர் "செப்டின்1", "மார்ச்எஃப்1" என்று பெயர்களையே மாற்றினர். கருவி மனிதனுக்காக மாறவில்லை. மனிதன் கருவிக்காகப் பெயரை மாற்றிக்கொண்டான். 2023-இல்தான் இத்தகைய மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செல்லுக்கு வந்தது.

அதே செயலியில் வங்கிக் கணக்கு எண்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். முன்னால் உள்ள சுழிகள் மறைந்துவிடும். பதினைந்து இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணாயின், மிஞ்சிய இலக்கங்கள் சுழியாகிவிடும். "இது எண்" என்று அது ஊகித்ததே காரணம். கூட்டிக் கழிக்கப்படாத ஒன்றை எண்ணாகக் கருதியதே பிழை அன்றோ! யாமல் என்னும் மற்றொரு எழுத்து முறையின் பழைய பதிப்பில், நார்வே நாட்டைக் குறிக்கும் "என்.ஓ." என்னும் ஈரெழுத்துக் குறியீடு "இல்லை" என்று பொருள் கொள்ளப்பட்டது. ஒரு நாடே "இல்லை" ஆயிற்று!

இவற்றைக் கேட்டு நாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாத நிகழ்ச்சியும் உண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில், இங்கிலாந்தில் கொரோனா நோய் உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து எழுத்துக் கோப்புகளாக வந்த முடிவுகளை, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதே காரணம். எல்லைக்கு மேற்பட்ட வரிகள் சத்தமின்றி உதிர்ந்தன. நோயாளிகளுக்கு அவர்தம் முடிவு சொல்லப்பட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணி பல நாள் தாமதமாயிற்று. அந்நிரல் ஒருமுறை கூச்சலிட்டிருந்தால் போதுமே!

இணைய விதிமுறைகளை மேற்பார்வையிடும் குழுவினரே 2023-இல் வெளியிட்ட ஆவணம் ஒன்றில், போஸ்டலின் தாராளத்தைக் கண்மூடிப் பின்பற்றினால் பிழைகள் நிலைபெற்று, அவையே வழக்கமாகிவிடும் என்று எச்சரித்துள்ளனர். முதற் கோணல் முற்றும் கோணல் என்று நம் பாட்டிமார் சொல்லாததா?

கடுமையின் விலை

அப்படியாயின் எறிந்துவிடலாமே என்பர் சிலர். 1998-இல் வெளியான எக்ஸ்.எம்.எல். விதிமுறை அவ்வழியைத்தான் மேற்கொண்டது. அமைப்பில் ஒரு பிழை கண்டாலும் வழக்கமான வாசிப்பை அத்துடன் நிறுத்திவிட வேண்டும் என்றது. இதில் நேர்மை உண்டு, ஊகம் இல்லை. ஆனால் பதினாயிரம் மாணவர்களின் விவரம் அடங்கிய கோப்பில் ஒருவர் விவரம் கோணலானால், மற்ற 9,999 பேரும் காத்திருக்க வேண்டுமா?

எறிவதற்கும் திறமை வேண்டும். சரிபாராமல் கையில் எடுக்கும் நிரல், பிழையை எறிவதில்லை, தானே விழுகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய சிறு கோப்பு ஒன்று, 21-ஆவது மதிப்பைப் பார் என்றது. நிரலிடம் இருந்தவையோ 20 மதிப்புகள். எல்லையைச் சோதிக்காமல் இல்லாத இடத்தில் கை நீட்டிய அந்த நிரல் விழுந்தது. தான் தங்கியிருந்த இயந்திரத்தையும் சேர்த்து வீழ்த்தியது. ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தத்தளித்தன.

பிழையை மறுக்கும் இடத்திலேயே திருடன் நுழைந்த கதையும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவாடப்பட்டன. அந்நிறுவனம் பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில், பிழையான தலைப்பு வரி வந்தால் பிழைச் செய்தியை உருவாக்கும் பகுதியிலேதான் ஓட்டை இருந்தது. "இது தவறு" என்று சொல்வதற்காக அவ்வரியை எடுத்தவர், அதில் மறைந்திருந்த ஆணையையும் நிறைவேற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிழை யாருடையது?

இதுவரை பிழை எழுத்தில் இருப்பதாகவே பேசினோம். அது அச்சிலும் இருக்கலாம் அல்லவா? செங்கல் கோணினால் மண்ணைக் குறை சொல்லுமுன் அச்சைப் பார்ப்பவனே நல்ல தொழிலாளி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தைக்கு ஒரே பெயர். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இணையத்தளம் ஒன்றில் விண்ணப்பம் நிரப்பியபோது, தந்தையின் "முதற்பெயர்" கேட்டது, எழுதினோம். "குடும்பப் பெயர்" கேட்டது. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. வெறுமையாக விட்டால் ஏற்கவில்லை. முன்னெழுத்தை இட்டால், ஓரெழுத்து போதாது என்றது. புள்ளி வைத்தால், சிறப்புக் குறிகள் கூடா என்றது. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் வந்த செய்தி "தவறான உள்ளீடு" என்பதே. பிரவுசிங் சென்டர் அண்ணன் சற்றும் கலங்காமல் "முருகன் முருகன்" என்று தட்டினார். உடனே ஏற்றுக்கொண்டது! "எல்லாருக்கும் இப்படித்தான் போடறேன் தம்பி" என்றார்.

நண்பர்களே, இங்கே நடந்ததைக் கவனியுங்கள். உண்மையான பெயர் பிழை என்று மறுக்கப்பட்டது. பொய்யான பெயர் சரி என்று ஏற்கப்பட்டது. இந்தோனேசியாவின் தலைவர்களாக இருந்த சுகர்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். ஐஸ்லாந்து மக்களில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரை ஒட்டியே இரண்டாம் பெயர் அமைகிறது. ஆகவே இது முருகனின் பிழையன்று. உலகத்தையே தன் தெருவென்று எண்ணி அச்சு வார்த்தவரின் பிழை. தவறான கடுமை தவறான தரவைத் தடுப்பதில்லை, அதைப் பிறப்பிக்கிறது. அப்படிப் பிறந்த பொய்யைப் பின்னர் எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது. ஏனெனில் அது எல்லா விதிகளுக்கும் பொருந்தியதாக இருக்கிறது.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு விண்ணப்பம் திரும்பினால் யாரிடம் கேட்பது என்று தெரியும். சாதிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆங்கில எழுத்தில் பெயர் பதிவாகியிருப்பது பெரும்பாலும் எங்களைப் போன்றோர் வீட்டில்தான். எழுதியவர் யாரோ, கையெழுத்திட்டவர் யாரோ. ஆகவே பிழையான தரவை எறியும் நிரல், தன்னை அறியாமலே, எளியவரைப் பார்த்து எறிகிறது. ஊகித்து ஏற்கும் நிரலோ, எளியவரின் பணத்தை வேறொரு கணக்கிற்கு அனுப்புகிறது.

மூன்றாம் வழி

என் கருத்து இதுதான்: ஏற்கவும் வேண்டா, எறியவும் வேண்டா, எடுத்து வைப்போம்.

நம் அஞ்சல் துறை நெடுங்காலமாகச் செய்துவருவது இதுவே. முகவரி தவறிய கடிதத்தை ஏதோ ஒரு வீட்டில் போட்டுவிடுவதில்லை, குப்பையிலும் எறிவதில்லை. அனுப்பியவருக்கும் திருப்பித் தர இயலாத கடிதங்களுக்கென்றே தனி அலுவலகம் உண்டு. அதற்கென அமர்ந்திருக்கும் ஊழியர் அதைப் பிரித்து, உரியவரைக் கண்டறிய முயல்கிறார். மென்பொருள் வல்லுநர்கள் தம் அமைப்புகளில் இத்தகைய இடத்தை "டெட் லெட்டர் கியூ" என்று அஞ்சல் துறையின் பழைய சொல்லாலேயே அழைக்கின்றனர்.

இம்முறைக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். முதலாவது, சோதனை வாசலிலேயே நடக்க வேண்டும். எழுத்து நிரற்பொருளாக மாறும் அந்த ஓர் இடத்தில் முழுமையாகச் சோதித்துவிட்டால், உள்ளே உள்ள ஆயிரம் வரிகளும் அச்சமின்றி வேலை செய்யும். இரண்டாவது, எண்ணிக்கை பொருந்த வேண்டும். வந்தவை 10,000, ஏற்றவை 9,996, எடுத்து வைத்தவை 4 என்று நாள்தோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கே பொருந்தும். இங்கிலாந்தில் விடுபட்ட வரிகளை இந்த ஒரு கூட்டல் காட்டிக் கொடுத்திருக்கும். மூன்றாவது, வந்த எழுத்தை வந்தபடியே காத்து வைக்க வேண்டும். திருத்திய பிறகு மூலம் இல்லையெனில் திருத்தம் சரியா என்று யார் சொல்வது? நான்காவது, காரணத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். பைத்தான் மொழியின் ஜேசன் வாசிப்புப் பகுதி, பிழை எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்தில் என்று சொல்கிறது. "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொல்வது, வயிற்றுவலி என்று வந்தவரிடம் "உங்களுக்கு நோய்" என்று சொல்லி அனுப்புவது போலாகும். ஐந்தாவது, எடுத்து வைத்ததைப் பார்க்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு கால வரம்பும் இருக்க வேண்டும். யாரும் பாராத அலமாரியில் எடுத்து வைப்பது, எறிவதற்கு மரியாதையான பெயர், அவ்வளவே. ஒரே காரணத்தால் பல விண்ணப்பங்கள் அந்த அலமாரியில் சேர்கின்றன என்றால், அவர் திருத்த வேண்டியது விண்ணப்பங்களையன்று; அச்சை.

எல்லா இடத்திலும் ஒவ்வொரு வரியாகப் பிரித்து வைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஒரு கணக்கில் கழித்து மற்றொன்றில் கூட்டும் வங்கிப் பரிமாற்றத்தில் பாதியை ஏற்றுப் பாதியை எடுத்து வைத்தால் பணம் நடுவழியில் நிற்கும். அங்கே இரண்டு பாதியும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும், அல்லது சேர்ந்தே வெளியே நிற்க வேண்டும். தனித்து நின்று பொருள் தரும் மிகச் சிறிய பகுதி எதுவோ, அதையே எடுத்து வைக்கும் அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. மாணவர் பட்டியலில் அது ஒரு மாணவர். பரிமாற்றத்தில் அது முழுப் பரிமாற்றம்.

ஆள் வைத்துப் பார்ப்பதற்குச் செலவாகுமே என்றும் கேட்கலாம். ஆகும். ஆனால் பாராமல் விட்டாலும் செலவு உண்டு. அது நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை. வரிசையில் நிற்பவரின் ஒரு நாள் கூலியில் எழுதப்படுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஆய்வகத்தில் நாம் எழுதும் நிரல்களுக்கு எப்போதும் சரியான தரவே கொடுக்கப்படுகிறது. எண் கேட்டால் எண் தருகிறோம், விடை வருகிறது, பதிவேட்டில் ஒட்டி, கையொப்பம் பெறுகிறோம். எண் கேட்கும் இடத்தில் பெயரைத் தந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை, மதிப்பெண்ணும் இல்லை. நாளை வேலைக்குச் சென்று நாம் எழுதப்போகும் நிரல்களை நிரப்புவோர், பதிவேட்டில் உள்ள தரவை நிரப்பப் போவதில்லை. அவசரத்தில், கைப்பேசியில், அரைகுறை வெளிச்சத்தில், தமக்குத் தெரியாத மொழியில் நிரப்புவர்.

ஆகவே செய்முறைத் தேர்வில் ஒரு கேள்வி மட்டுமாவது கோணலான கோப்புடன் தரப்பட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நூறு வரிகளில் ஐந்து வரிகள் பிழையாக இருக்கட்டும். ஐந்தில் ஒன்று, பிழைபோல் தோன்றும் உண்மையான பெயராக இருக்கட்டும். எத்தனை வரிகளை ஏற்றான் என்பதற்கு மட்டுமன்றி, எடுத்து வைத்த வரிகளுக்கு என்ன காரணம் எழுதினான் என்பதற்கும் மதிப்பெண் இடுங்கள். அந்தக் காரணத்தைப் படித்து, நிரல் எழுதத் தெரியாத ஒருவர் தம் விண்ணப்பத்தைத் தாமே திருத்திக்கொள்ள முடியுமானால், முழு மதிப்பெண் தரலாம்.